அன்றாடத்திலிருந்து விடுபடத் துடிக்கும் கவிதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அன்றாடத்திலிருந்து விடுபடும் ஏக்கம் என்று இங்கே எதைச் சொல்கிறோம்?

எழுவது, சமைப்பது, வேலைக்கு ஓடுவது, களைத்துத் திரும்புவது, மறுநாளும் அதையே செய்வது என்று ஒரே தடத்தில் சுழலும் நாட்களை அப்படியே நிறுத்திவிட்டு வேறெங்காவது போய்விட வேண்டும் என்று மனம் அரிப்பதைத்தான் சொல்கிறோம். இந்த ஏக்கத்தைப் பாடாத மொழி இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இத்தகைய கவிதைகளை ஊன்றிப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. காலத்தைக் கடந்து நிற்பவற்றில் வேலையே இல்லாத வெற்று நாளைக் கேட்பவை மிகக் குறைவு. பெரும்பாலானவை வேறொரு வேலையை, தன் விருப்பப்படி செய்யும் வேலையை, பெயர் சொல்லிக் கேட்கின்றன. அவை வெறுப்பது உழைப்பை அன்று, தன் பொழுது பிறர் கையில் இருப்பதை. கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் இந்த எண்ணத்தைச் சுற்றியே அமைந்துள்ளன.

தமிழில் இதற்குப் பழைய சான்று உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது நற்றிணையின் 284ஆம் பாட்டு. பொருள் தேடி வேற்றூருக்குச் சென்ற தலைவன் ஒருவன், எடுத்த வேலை முடியாத நிலையில், வீட்டை நினைத்துத் தவிக்கிறான். 'துன்பம் தீரப் போய்விடுவோம், புறப்படு' என்கிறது நெஞ்சம். 'எடுத்த வினையை முடிக்காமல் இடையில் விடுவது அறியாமையோடு இழிவையும் தரும், அவசரப்படாதே' என்கிறது அறிவு. இரண்டும் பேசி ஓய்ந்தபின் அவன் தன் உடம்பைப் பார்க்கிறான்:

'ஒளிறு ஏந்து மருப்பின் களிறு மாறு பற்றிய
தேய்புரிப் பழங்கயிறு போல
வீவதுகொல் என் வருந்திய உடம்பே'

ஒளிரும் தந்தங்களையுடைய இரண்டு யானைகள் எதிரெதிராகப் பற்றி இழுக்கும், புரி தேய்ந்த பழைய கயிறு போல என் உடம்பு அழிந்துபோகுமோ என்கிறான். அந்தக் கயிறு புதியதாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஏற்கெனவே தேய்ந்தது, பல நாள் இழுபட்டது என்பதில்தான் அன்றாடத்தின் அலுப்பு முழுவதும் இருக்கிறது. இதைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. உவமையைக் கொண்டே அவரைத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று தொகுத்தவர்கள் குறித்துவைத்தார்கள்.

இதே காலத்துக் குறுந்தொகையில் 'வினையே ஆடவர்க்கு உயிரே' என்ற வரியும் உண்டு (பாட்டு 135). வேலைதான் ஆணுக்கு உயிர் என்று சமூகம் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அந்த உயிர் தன்னைக் கிழிக்கிறது என்று ஒருவனைச் சொல்லவைத்த கவிதையையும் அந்தச் சமூகமே பாதுகாத்து வைத்திருக்கிறது.

'தேடிச் சோறு நிதந்தின்று' என்ற பாட்டில் பாரதி சாதாரண வாழ்க்கை வாழ்பவர்களை இழிவுபடுத்துகிறாரா?

சுவரொட்டிகளிலும் கைப்பேசி வாழ்த்துகளிலும் 'வீழ்வேன் என்று நினைத்தாயோ' என்பதோடு பாட்டை நறுக்கிவிடுவதால் எழும் ஐயம் இது. பாட்டு அங்கே முடியவில்லை. 'நின்னைச் சில வரங்கள் கேட்பேன்' என்று அது தொடர்கிறது. பழவினைப் பயன்கள் அழிய வேண்டும், 'என்னைப் புதிய உயிராக்கி' எனக்கு ஏதும் கவலையற்றுப் போகச் செய்ய வேண்டும், மதியைத் தெளிவாக்க வேண்டும், என்றும் சந்தோஷம் கொண்டிருக்கச் செய்ய வேண்டும் என்பவையே அந்த வரங்கள். வேறு ஊருக்குக் கொண்டுபோ என்று அவர் கேட்கவில்லை. இருக்கும் இடத்திலேயே தன்னைப் புதுப்பித்துத் தரும்படி கேட்கிறார்.

அவர் கடிந்துகொள்ளும் பட்டியலையும் கவனிக்க வேண்டும். சோறு தேடுவதும் சின்னக் கதைகள் பேசுவதும் மட்டும் அதில் இல்லை, 'பிறர் வாடப் பல செயல்கள் செய்து' என்பதும் இருக்கிறது. மனம் வாடி உழல்பவன் பிறரையும் வாட வைக்கிறான் என்ற தொடர்ச்சியைப் பாரதி கண்டிருக்கிறார், அதுவே இந்தப் பாட்டின் கூர்மையான இடம் என்று நான் கருதுகிறேன். பாரதியும் சோறு தேட வேண்டியிருந்தவர்தான். 1904இல் மதுரையில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்துவிட்டு, அதே ஆண்டில் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் மொழிபெயர்ப்பு வேலையில் அமர்ந்தார். கடைசிக் காலத்தில் மீண்டும் அதே இதழுக்கே திரும்பினார். சோற்றுக்கு உழைக்கும் மனிதர்களை அவர் எட்ட நின்று பார்த்துப் பாடவில்லை.

பாரதியின் 'விட்டு விடுதலையாகி நிற்பாய்' என்ற பாட்டில் வரும் சிட்டுக்குருவி எதைக் குறிக்கிறது?

விடுதலை என்றதும் பறத்தல் நினைவுக்கு வருகிறது. பாட்டின் முதல் பகுதியும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. எட்டுத் திசையும் பறந்து, காற்றில் நீந்தி, வானொளி என்னும் மதுவை உண்ணும் குருவி அங்கே வருகிறது. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பாட்டின் சிறப்போ அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. அடுத்து வரும் அடிகளில் அந்தக் குருவி பெட்டையோடு பேசிக் களிக்கிறது, 'பீடையிலாததொர் கூடு' கட்டுகிறது, முட்டை தரும் குஞ்சைக் காக்கிறது, அதற்கு முந்த உணவு கொடுக்கிறது. பிறகு முற்றத்திலும் கழனியிலும் கண்ட தானியத்தைக் கொணர்ந்து உண்கிறது, மற்றப் பொழுதில் கதை சொல்லித் தூங்குகிறது, வைகறை ஆகுமுன் பாடி விழிக்கிறது.

இது முழுக்க முழுக்க ஓர் இல்லறத்தானின் அன்றாடம். வீடு, பிள்ளை, சாப்பாடு, தூக்கம், விடியலுக்கு முன் எழுதல் என்று நாம் அலுத்துக்கொள்ளும் அத்தனையும் இதில் இருக்கின்றன. 'தேடிச் சோறு' பாட்டில் இகழப்பட்ட கதை பேசுதல்கூட இங்கே இன்பமாகத் திரும்பி வருகிறது! இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒரே செயல்கள் ஓரிடத்தில் சிறையாகவும் இன்னோரிடத்தில் விடுதலையாகவும் மாறுவதைக் காணலாம். கூட்டுக்கு அவர் கொடுத்த அடைமொழி 'பீடையிலாதது' என்பது. பீடை நீங்கினால் கூடும் வானமாகிவிடுகிறது என்பதை அந்த ஒற்றைச் சொல் காட்டிவிடுகிறது.

'காணி நிலம் வேண்டும்' வெறும் பகற்கனவு அல்லவா?

கனவுதான், ஆனால் பாரதி பராசக்தியிடம் அளந்து கேட்ட கனவு. ஒரு காணி என்பது ஏறத்தாழ 1.32 ஏக்கர். அதில் ஒரு மாளிகை, கேணி, பத்துப் பன்னிரண்டு தென்னை, நிலவொளி, 'சற்றே வந்து' காதில் பட வேண்டிய குயிலோசை என்று கணக்காகக் கேட்கிறார். அந்தச் 'சற்றே' என்ற சொல்லில், இனிமைகூட அளவு மீறித் தன்னை மூழ்கடித்துவிட வேண்டாம் என்ற நிதானம் தெரிகிறது. முடிவில், 'என்றன் பாட்டுத் திறத்தாலே இவ்வையத்தைப் பாலித்திட வேணும்' என்று தன் வேலையையும் அங்கே கொண்டுபோய்விடுகிறார். உலகத்தை விட்டு விலகிப் போக நிலம் கேட்டவர், கடைசி அடியில் உலகத்தைக் காக்கும் பொறுப்பையும் சேர்த்துக் கேட்கிறார்.

பிறமொழிக் கவிதைகளில் இந்த ஏக்கம் எப்படி வெளிப்பட்டிருக்கிறது?

சீனத்தின் தாவ் யுவான்மிங் (இறப்பு: 427), அயர்லாந்தின் யேட்ஸ் (1865–1939) ஆகிய இருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இருவருக்கும் இடையே சுமார் 1500 ஆண்டுகள் இருக்கின்றன. இருவர் கவிதையிலும் அவரை போன்ற ஒரு பயறு வகைச் செடி வருவது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் அதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

தாவ் யுவான்மிங் பெங்ஸே என்ற சிறு மாவட்டத்தின் அதிகாரியாக இருந்தவர். 405ஆம் ஆண்டில், பதவியேற்று எண்பது நாள் அளவிலேயே அதைத் துறந்து ஊர் திரும்பினார். மேலிடத்திலிருந்து வந்த ஆய்வு அதிகாரி முன்னால் இடுப்பு வார் கட்டி முறையாக நின்று வணங்க வேண்டும் என்று சொல்லப்பட்டபோது, 'ஐந்து படி அரிசிக்காக நான் முதுகை வளைக்க மாட்டேன்' என்ற பொருளில் அவர் சொன்னதாகப் பழைய வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. ஊர் திரும்பியபின் அவர் எழுதிய வரிசைக் கவிதைகளில், கூண்டுப் பறவை பழைய காட்டுக்கு ஏங்குகிறது, குளத்து மீன் தான் பிறந்த மடுவை நினைக்கிறது, நெடுங்காலம் கூண்டில் கிடந்த நான் மீண்டும் இயற்கையிடம் வந்துவிட்டேன் என்கிறார்.

அந்த வரிசையின் மூன்றாவது கவிதையைத்தான் நெருங்கிப் பார்க்க வேண்டும். தென்மலை அடியில் பயறு விதைத்தேன், களை செழித்துவிட்டது, பயற்று நாற்று அரிதாகிவிட்டது என்று தொடங்குகிறார். பாழாய்ப்போன பயிர்த்தொழில் என்பதை மறைக்கவே இல்லை. விடியலில் எழுந்து களை பறிக்கிறார், நிலவோடு மண்வெட்டியைத் தோளில் சுமந்து திரும்புகிறார். பாதை ஒடுங்கியது, செடிகொடிகள் உயர்ந்து நிற்கின்றன, மாலைப் பனி உடையை நனைக்கிறது. உடை நனைவதில் வருத்தமில்லை, என் விருப்பம் பிறழாதிருந்தால் போதும் என்று முடிக்கிறார். அலுவலகத்தில் இருந்த நாட்களைவிட அதிக நேரம் உழைக்கிறார், விளைச்சலும் இல்லை. ஆயினும் அந்த ஈர உடை அவருடையது.

யேட்ஸ் போகவில்லை, போக நினைத்தார். லண்டனின் ஃப்ளீட் தெருவில் ஊர் ஏக்கத்தோடு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கடையின் கண்ணாடிச் சன்னலுக்குள் சிறு நீரூற்று ஒன்று தன் தாரையில் ஒரு பந்தைத் தாங்கி நிறுத்திக்கொண்டிருந்ததைக் கண்டதாகவும், அந்த நீரின் ஒலி ஏரியை நினைவூட்ட அதிலிருந்து இன்னிஸ்ஃப்ரீ கவிதை பிறந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். கவிதை 1890இல் வெளிவந்தது. இன்னிஸ்ஃப்ரீ என்பது ஸ்லைகோ பகுதியில் உள்ள கில் ஏரியின் சின்னஞ்சிறு தீவு. அங்கே மண்ணும் பிரம்பும் கொண்டு குடில் கட்டுவேன், ஒன்பது வரிசை அவரை நடுவேன், தேனீக்கூடு ஒன்று வைப்பேன் என்கிறார். பாரதியின் பத்துப் பன்னிரண்டு தென்னைகளைப் போலவே இவருக்கும் எண்ணிக்கை தேவைப்பட்டிருக்கிறது. எண்ணிச் சொல்லும்போது கனவுக்கு நிலம் கிடைத்துவிடுகிறது. கவிதையின் இறுதியிலும் அவர் சாம்பல் நிற நடைபாதையில்தான் நிற்கிறார். ஏரியின் அலையோசை நெஞ்சின் ஆழத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் துறவும் இந்த ஏக்கமும் ஒன்றுதானா?

இல்லை. பட்டினத்தார் 'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே' என்னும்போது பொருளின் மீதும் உறவின் மீதும் உள்ள பிடியையே அறுக்கச் சொல்கிறார். தாவ் யுவான்மிங் குடும்பத்தோடும் பிள்ளைகளோடும் கள்ளோடும் வாழ்ந்தார். பாரதி பராசக்தியிடம் கேட்ட நிலத்தில் மனைவிக்கும் இடம் இருக்கிறது.

பெண்களின் கவிதைகளில் இது எப்படி வருகிறது?

ஆண்களின் கவிதைகளைவிடக் கறாராக வருகிறது. 'அலுவலகத்தை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும்' என்று ஆண் பாடும்போது, அந்த வீட்டுக்குள் யாருடைய வேலை ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது என்ற கேள்வி எழுகிறது.

பாலி மொழியில் அமைந்த தேரிகாதை, பௌத்தத் துறவியரான பெண்கள் பாடிய பாடல்களின் தொகுப்பு. அதில் முத்தா என்ற தேரியின் பாட்டு மிகச் சிறியது. மூன்று வளைந்தவற்றிலிருந்து நன்றாக விடுபட்டேன், உரலிலிருந்தும் உலக்கையிலிருந்தும் என் கூனல் கணவனிடமிருந்தும் விடுபட்டேன், பிறப்பிலிருந்தும் இறப்பிலிருந்தும் விடுபட்டேன் என்கிறார். பிறவிப் பெருங்கடலையும் உரலையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும் துணிவு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நாள்தோறும் உரலில் நெல் குத்தியவருக்குத்தான் அந்த இரண்டும் ஒரே எடை என்று தெரியும். மேலே சொன்ன பொது எண்ணத்துக்கு இந்தப் பாட்டு விலக்காகவே நிற்கிறது. முத்தா வேறொரு வேலையைக் கேட்கவில்லை, உலக்கையைக் கீழே வைத்ததையே கொண்டாடுகிறார்.

தமிழில் காரைக்கால் அம்மையாரை இங்கே நினைக்க வேண்டும். கணவன் பரமதத்தனுக்காகவே தாங்கிய அழகு இனித் தேவையில்லை என்று உடலின் தசையை உதறிப் பேயுரு வேண்டியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அவரே பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்தில், 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து' என்று தொடங்கி ஒரு சுடுகாட்டுப் பேயைக் கூசாமல் வரைகிறார், பதிகத்தின் முடிவில் தன்னைக் 'காரைக்காற் பேய்' என்றே கையொப்பமிடுகிறார். தென்னையும் தென்றலும் நிறைந்த தோப்பு அவருக்குத் தேவைப்படவில்லை. அழகாக இருக்க வேண்டும் என்ற கடமை எட்டாத இடம் அவருக்குச் சுடுகாடாகவே இருந்தது. இந்த வகைக் கவிதைகளில் இதைவிடத் தொலைவு சென்ற வேறொன்றை நான் படித்ததில்லை.

விட்டுப் போக வசதியில்லாத உழைப்பாளிகள் இதைப் பாடவில்லையா?

பாடினார்கள், வேலைக்கு நடுவிலேயே பாடினார்கள். ஏற்றம் இறைப்பது நாள் முழுவதும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை. அந்த அசைவுக்குள் பிறந்த ஏற்றப்பாட்டில்,

'மூங்கில் இலைமேலே
தூங்கும் பனிநீரே
தூங்கும் பனிநீரை
வாங்கும் கதிரோனே'

என்ற அடிகளை அறியாதவர் குறைவு. கம்பர் இதைக் கேட்டு வியந்தார் என்று ஒரு செவிவழிக் கதையும் வழங்குகிறது. கால் ஏற்றத்தை விட்டு நகரவில்லை, கண் மட்டும் மூங்கில் இலைக்குப் போய்விடுகிறது. வெயில் ஏறப்போகிறது என்ற கவலையும் 'வாங்கும் கதிரோனே' என்பதில் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. இறைப்பவருக்குக் கதிரவன் அழகு மட்டுமல்லவே.

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் ஏக்கம் வேறு குரலில் ஒலித்தது. விடியலில் தப்பொலி எழுப்ப, காலையில் ஆளெண்ணும் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, கொழுந்துக் கூடையோடு மலை ஏறிய மக்கள்,

'ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாயை நான் மறந்தேன்'

என்று பாடினார்கள். இவர்கள் கேட்பது புதிய தீவு இல்லை, பழைய ஊர். தமிழகத்து வறட்சியிலிருந்து தப்பிப் பிழைக்கத்தான் கடல் கடந்து போனார்கள், போன இடமே இன்னும் இறுக்கமான வட்டமாகிவிட்டது. விடுபடும் ஏக்கத்தைப் பற்றிப் பேசும் எவரும், தோட்ட வேலைக்கு ஆள்சேர்த்த கங்காணியின் வாயிலிருந்து அந்த ஏக்கமே ஆசை வார்த்தையாகவும் வந்தது என்பதை மறக்கக் கூடாது.

வேலையோடு சமாதானம் செய்துகொண்ட கவிதைகள் உண்டா?

ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்க்கின் வாழ்நாள் முழுவதும் நூலகராகப் பணியாற்றியவர். 1955இல் வெளிவந்த தொகுப்பில், வேலை என்னும் தேரை என் வாழ்வின் மேல் ஏன் குந்தியிருக்க வேண்டும் என்று சீறினார். ஓய்வூதியத்தைத் தூக்கி எறியும் துணிச்சல் தனக்கு இல்லை என்றும் அதிலேயே ஒப்புக்கொண்டார். 1964 தொகுப்பில் அதே தேரையிடம் திரும்பி வருகிறார். பட்டப்பகலில் பூங்காவில் வேலையின்றி உலவுபவர்களைப் பார்த்து அஞ்சி, தன் மேசையும் கோப்புகளும் போதும் என்று முடிவுசெய்து, கிழத் தேரையே உன் கையைக் கொடு என்கிறார். நேர்மையான கவிதை. ஆனால் பூங்காவில் இருப்பவர்களை அவர் அச்சத்தோடு மட்டுமே பார்த்ததில் எனக்கு உடன்பாடில்லை.

இடம் மாறினால் இந்த ஏக்கம் தீர்ந்துவிடும் என்று கவிஞர்கள் நம்பினார்களா?

நம்பாதவர்களும் உண்டு. பிரெஞ்சுக் கவிஞர் பொதலேர், வாழ்க்கையை ஒரு மருத்துவமனை என்கிறார். ஒவ்வொரு நோயாளியும் தன் கட்டிலை மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறான். லிஸ்பனுக்குப் போகலாமா, ஹாலந்துக்குப் போகலாமா, படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போகலாமா என்று தன் ஆன்மாவிடம் கேட்டுக்கொண்டே போக, அது கடைசியில் 'எங்காவது! இந்த உலகத்துக்கு வெளியே எங்காவது!' என்று வெடிக்கிறது. 1869இல், அவர் இறந்தபின் வெளிவந்த உரைநடைக் கவிதைத் தொகுப்பில் இது இருக்கிறது.

தாவ் யுவான்மிங்கின் பிற்காலமும் இக்கேள்விக்கு விடை சொல்கிறது. ஊர் திரும்பிய சில ஆண்டுகளில், 408இல், அவர் வீடு தீப்பற்றி எரிந்தது. பிறகு வறுமை வந்தது. பசி விரட்ட எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்து, ஒரு வீட்டு வாசலைத் தட்டி, பேச்சு வராமல் நின்றதை அவரே ஒரு கவிதையாக எழுதியிருக்கிறார். பதவிக்கு அழைப்பு வந்தபோதும் அவர் திரும்பவில்லை. களை மண்டிய வயலை எழுதிய அதே நேர்மையோடு அந்த வாசலையும் எழுதியதால்தான் அவரை நான் நம்புகிறேன். விலையை மறைத்துக் கனவை மட்டும் விற்கும் கவிதைகளிடம் அந்த நம்பிக்கை வருவதில்லை.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பாரதியின் குயில் பாட்டிலிருந்து தொடங்கலாம். புதுவைக்கு மேற்கே ஒரு மாஞ்சோலை, பாடும் குயில், காதல், முற்பிறவிக் கதை என்று நீண்டு செல்லும் அந்தப் பாட்டின் முடிவில் கவிஞர் விழித்துப் பார்க்கிறார்:

'பண்டைச் சுவடி, எழுதுகோல், பத்திரிகைக் கூட்டம்,
பழம்பாய் வரிசையெல்லாம் ஒத்திருக்க, நாம் வீட்டில்
உள்ளோம் எனவுணர்ந்தேன்.'

பழைய பாயும் பத்திரிகைக் குவியலும்தான் அவருடைய அன்றாடம், அந்தச் சோலையைப் படைத்த கருவிகளும் அவையே. முழுப்பாட்டையும் ஒரே அமர்வில், வாய்விட்டுப் படிப்பது நல்லது. அதன்பின் சிட்டுக்குருவிப் பாட்டையும் 'தேடிச் சோறு நிதந்தின்று' பாட்டையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். நற்றிணை 284ஐ உரையுடன் படிப்பவர்கள், முதலில் மூலத்தை இருமுறை படித்துவிட்டு உரைக்குப் போனால், நெஞ்சமும் அறிவும் மாறி மாறிப் பேசும் இடங்கள் தாமாகவே பிடிபடும்.